பள்ளிக்கூட வாசலும் பக்குவத்தின் வாசலும்: கரிசல் மண்ணில் பிள்ளைகள் பெரியவர்களான வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு நம் மத்ரஸாவுக்கு ஒரு தாய் வந்தார். ஓர் அரபுக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி ஆலிம் பட்டம் பெற்று ஊர் திரும்பிய மகனும், அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த மகளும் உடன் வந்திருந்தனர். முன்தினம் மூவரும் வங்கிக்குச் சென்றிருக்கின்றனர். மகன் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். படிவத்தை வாங்கிய மகன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இறுதியில் தங்கைதான் அதை வாங்கி நிரப்பிக் கொடுத்தாராம். அந்தத் தாய் நம்மிடம் சொன்னார்:

"அசரத்து, இவன் வாரிசுப் பங்குக் கணக்கை எல்லாம் விரல் நுனியிலே வச்சிருக்கான். பாங்கு ஃபாரத்தைக் கண்டா முழிக்கிறான். நான் பத்து வயசுலே தீப்பெட்டி ஆபீசுலே குரோசு குரோசா எண்ணினவ. எங்க மூணு பேர்லே யாரு பெரிய ஆளு, நீங்களே சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனினும் அக்கேள்வி நம்மைப் பல நாட்கள் விடவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு பள்ளிகள், பெரியவராவதற்கு மூன்று வெவ்வேறு வழிகள். கோவில்பட்டியைச் சூழ்ந்த இக்கரிசல் மண்ணில் பிள்ளைகள் எந்தெந்த வாசல்கள் வழியாகப் பெரியவர்களாயினர் என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், அத்தாய்க்குரிய விடையும் நமக்குரிய பாடமும் கிடைக்கக்கூடும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பருவமும் பக்குவமும்

நம் மார்க்க நூல்கள் ஒரு பிள்ளை பெரியவராவதை இரண்டு படிகளாகப் பிரித்துப் பேசுகின்றன. முதற்படி 'புலூக்'. உடல் பருவமடைவது அது. அதன் அடையாளங்கள் தென்படாவிடில் எத்தனை வயதைக் கணக்கிற்கொள்வது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் 15. இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்தில் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17. அந்நாளிலிருந்து தொழுகையும் நோன்பும் அப்பிள்ளையின் சொந்தப் பொறுப்பாகிவிடுகின்றன.

இரண்டாம் படி 'ருஷ்து'. நன்மை தீமை அறிந்து, தன் பொருளைத் தானே காத்து ஆளும் பக்குவம் அது. அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அநாதைகளின் சொத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்களிடம், அப்பிள்ளைகள் திருமண வயதை எட்டும்வரை அவர்களைச் சோதித்து வருமாறும், பக்குவத்தைக் கண்டால் சொத்தை ஒப்படைத்துவிடுமாறும் கட்டளையிடுகிறது. வயது வந்துவிட்டதே என்று சொத்தைக் கொடுத்துவிடச் சொல்லவில்லை. பக்குவம் வரட்டும் என்று வாளாவிருக்கவும் சொல்லவில்லை. சோதித்துப் பழக்குவது பெரியவர்களின் கடமை.

எப்படிச் சோதிப்பது? இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' நூல் சுவையான ஒரு விளக்கம் தருகிறது. வணிகரின் மகனைக் கொடுக்கல் வாங்கலில் சோதிக்க வேண்டும். உழவரின் மகனை உழவில் சோதிக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பஞ்சு, நூற்பு, வீட்டு உணவைக் காத்தல் முதலியவற்றில் சோதிக்க வேண்டும் என்கிறது. பருத்தி விளையும் கரிசல் காட்டில் அமர்ந்து இவ்வரிகளைப் பாடம் நடத்தும்போது, நம் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் இமாம் எழுதினார்களோ என்று தோன்றும். அவரவர் வாழ்க்கையின் வேலையைக் கொண்டே அவரவர் பக்குவம் அளக்கப்படுகிறது.

ஒரு பள்ளிக்கூடம் பிள்ளையைப் பருவத்திலிருந்து பக்குவத்துக்கு எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் பகுதியின் வரலாற்றுக்குள் செல்வோம்.

எட்டயபுரத்து உமறு: ஒருவர், இரு கல்விகள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் மண். அவருடைய அடக்கத்தலமும், தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபமும் அங்கு உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் நறுமணப் பொருள் விற்கும் வணிகரின் மகன் என்று மரபு கூறுகிறது. அவர் தமிழ் பயின்றது எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். ஆசிரியரோடு அரண்மனைக்குப் போய்வந்து, இலக்கணமும் இலக்கியமும் கற்று, அவருக்குப் பின் அவருடைய இடத்திலேயே அரசவைப் புலவராக அமர்ந்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாட வேண்டும் என்ற விருப்பம் எழுந்தபோது, அத்தமிழ்க் கல்வி மட்டும் போதவில்லை. வள்ளல் சீதக்காதியின் ஆதரவோடு மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார். புலவர் கோலத்தில் வந்தவருக்கு உடனே இசைவு கிடைக்கவில்லை என்றும், பின்னரே மார்க்க வரலாற்றைக் கற்பிக்க ஏற்பாடாயிற்று என்றும் செவிவழி மரபு பேசுகிறது. முடிவில், 5027 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம் தமிழுக்குக் கிடைத்தது. அது நிறைவுறுமுன் சீதக்காதி மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, அக்காலக் கல்வி ஒருவரை எப்படிப் பெரியவராக்கியது என்பதே. அதில் வகுப்பு இல்லை. ஆண்டுத் தேர்வு இல்லை. ஆசிரியரின் நிழலில் வேலையைப் பார்த்துப் பழகி, ஒருநாள் அவ்வேலையைத் தானே செய்து காட்டியபோது ஊரும் அவையும் அவரைப் பெரியவராக ஏற்றன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் ஓலையெழுத்தும் கற்ற சிறுவன் மாலையில் தகப்பனின் கடையில் கணக்கு எழுதினான். ஓத்துப்பள்ளியில் லெப்பையிடம் குர்ஆனும் அரபுத்தமிழும் கற்ற சிறுவன் அதே ஊரின் பள்ளிவாசலில் பாங்கு சொன்னான். படிப்பும் பிழைப்பும் ஒரே தெருவில் இருந்தன.

இம்முறையின் குறையையும் சொல்ல வேண்டும். தகப்பனின் தொழிலே மகனின் எல்லையாயிற்று. சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத் திண்ணையில் இடம் இல்லை. பெண் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு எந்த எழுத்தும் இல்லை. உமறுப்புலவருக்குத் திறந்த இரண்டு வாசல்களும் அவர் தெருவிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை.

மணியும் வகுப்பும் சான்றிதழும்

19ஆம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளும் அரசின் உதவி பெற்ற ஆங்கிலப் பள்ளிகளும் நெல்லைச் சீமைக்கு வந்தன. மணி அடித்தால் பாடம், ஆண்டு முடிந்தால் தேர்வு, தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் உத்தியோகம் என்ற புதிய ஒழுங்கு தோன்றியது. பிள்ளை பெரியவராவது எப்போது என்பதை இனி ஊர் முடிவு செய்யவில்லை. தேர்வுத் தாள் முடிவு செய்தது.

இம்மாற்றத்தின் நடுவே சிக்கிய ஒருவரையும் எட்டயபுரமே தந்தது. 1882இல் அங்குப் பிறந்த சுப்பிரமணிய பாரதியைத் தந்தையார் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் ஆங்கிலம் படிக்க அனுப்பினார். 1897இல், பதினான்கு வயதில், பள்ளி மாணவராக இருக்கும்போதே அவருக்குத் திருமணம் நடந்தது. மறு ஆண்டே தந்தை இறந்தார். மனைவி உண்டு, வருமானம் இல்லை. ஆங்கிலம் உண்டு, அதைக்கொண்டு செய்ய ஊரில் வேலை இல்லை. காசி சென்று படிப்பைத் தொடர்ந்து, எட்டயபுரம் அரண்மனைக்குத் திரும்பி, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில காலம் தமிழாசிரியராக இருந்து, பின்னர் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குச் சென்றார். தம் ஆங்கிலப் பள்ளிக் காலத்தைப் பற்றித் தன்வரலாற்றுப் பாடலில் அவர் கசப்போடுதான் எழுதினார். பழைய முறைப்படி திருமணத்தால் பெரியவர். புதிய முறைப்படி இன்னும் மாணவர். இரண்டு கடிகாரங்கள் ஒரே பிள்ளைக்குள் வெவ்வேறு நேரம் காட்டின.

நம் சமுதாயத்தின் நிலை வேறு வகையில் இருந்தது. ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் பலர் விலகி நின்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி, சிதறிக் கிடந்த மார்க்கக் கல்விக்குப் பாடத்திட்டமும் பட்டமும் கொண்ட ஓர் ஒழுங்கைத் தந்தது. இன்றும் தமிழகத்தின் மூலைமுடுக்குகளில் 'பாக்கவி' என்ற பட்டத்தோடு இமாம்கள் பணியாற்றுகின்றனர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும், 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் தோன்றின. உமறுப்புலவரைக் கற்பித்த மேதையின் பெயரையே நம் பகுதிக் கல்லூரி தாங்கி நிற்பது மகிழ்ச்சிக்குரியது.

இருப்பினும் ஒரு பிளவு நிலைத்துவிட்டது. 'மார்க்கக் கல்வி', 'உலகக் கல்வி' என இரண்டு தண்டவாளங்கள் ஏற்பட்டன. ஒன்றில் ஏறிய பிள்ளை மற்றொன்றுக்கு மாறுவது அரிதாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அஃப்ஸலுல் உலமா தேர்வு போன்ற சில பாலங்களே இரண்டையும் இணைத்தன.

பிடி அரிசியும் மதிய உணவும்

கரிசல் மண்ணைப் பற்றி ஒரு சொல். இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் தவறும். மழை தவறிய ஆண்டில் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. ஆகையால் இங்குக் கல்வியின் வரலாறு பசியின் வரலாறும் ஆகும்.

இதை உணர்ந்து செயல்பட்ட ஒரு சமுதாயத்தைச் சொல்லாமல் இருக்க இயலாது. விருதுநகரின் நாடார் பெருமக்கள் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர்கள் மகமை கொடுத்தனர். வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து அதைப் பள்ளிக்குக் கொடுத்தனர். ஏழை வீடும் ஒரு பிடி கொடுத்ததால் அது எல்லோருடைய பள்ளியாயிற்று. அப்பள்ளியில் படித்த சிறுவர் ஒருவர், தந்தையை இழந்து, குடும்பச் சூழலால் படிப்பை இடையில் நிறுத்தித் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவரே பின்னாளில் முதலமைச்சர் காமராசர்.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான். பிள்ளையை ஆடு மேய்க்கவும் களை எடுக்கவும் அனுப்பும் பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை, ஒரு வேளைச் சோற்றைப் பள்ளி கொடுத்தால் பிள்ளை தானாகவே வரும் என்ற எளிய அறிவே அத்திட்டம். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பள்ளியின் வகையை மாற்றியது பாடநூல் மட்டுமல்ல; ஒரு தட்டுச் சோறும் மாற்றியது.

இடைசெவலின் இரு நண்பர்கள்

பள்ளி எவ்வளவு தீர்மானிக்கிறது, எவ்வளவு தீர்மானிக்கவில்லை என்பதற்குக் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் ஒரு நல்ல சான்று தருகிறது. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் அச்சிற்றூரில் 1923இல் பிறந்தவர்கள், பால்ய நண்பர்கள். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தார். சான்றிதழ் அவரைச் சார்பதிவாளர் அலுவலக எழுத்தராக்கிற்று; பிறகு சென்னைக்கும் மலாயாவுக்கும் பத்திரிகைப் பணிக்கு அழைத்துச் சென்றது. ராஜநாராயணனின் பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. அவர் ஊரில் விவசாயியாக இருந்தார். விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றார். நடுவயதை நெருங்கியே எழுத்தாளராக அறியப்பட்டார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். அழகிரிசாமிக்கு அது மறைவுக்குப் பின் கிடைத்தது.

பள்ளி ஒருவரை ஊரைவிட்டு வெளியே கொண்டு சென்றது. பள்ளியின்மை மற்றொருவரை ஊரோடு வைத்தது. ஆனால் இருவருக்கும் பொதுவாக இருந்தவை சில: நூல்களைத் தேடிப் படிக்கும் தோழமை, இசையில் நாட்டம், பேசிக் கேட்கப் பெரியவர்கள், சிந்திக்க ஓய்வு. பள்ளியை இழந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இவை வாய்ப்பதில்லை. பள்ளிக்குப் போகாமலேயே மேதையானவரைக் காட்டிப் படிப்பை அலட்சியம் செய்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

விடியலில் வந்த வண்டி

தோழமையும் ஓய்வும் கிட்டாத பிள்ளைகளைப் பற்றி இப்போது பேச வேண்டும்.

1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. மழை பொய்த்த மண்ணுக்கு அது சோறு போட்டது. அதை மறுக்க மாட்டோம். குச்சியைச் சட்டத்தில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் ஆகியவை எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். சிறு விரல்கள் வேகமாக அடுக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்தனர். அவர்களுள் பெண் பிள்ளைகளே மிகுதி. விடியுமுன் கிராமம் கிராமமாக வண்டி வரும். இருட்டியபின் கொண்டுவந்து விடும்.

1980களின் இறுதியில் நாம் மக்தபில் ஓதிய நாட்கள் நினைவில் நிற்கின்றன. சுபுஹுத் தொழுகை முடிந்து பாயை விரித்தால் ஆண் பிள்ளைகளின் வரிசை நிறைந்திருக்கும். பெண் பிள்ளைகளின் வரிசையில் பாதி காலியாக இருக்கும். தொழுகைக்கு முன்பே வந்து சென்ற வண்டி அவர்களை ஏற்றிச் சென்றிருக்கும். வராத பிள்ளைகளின் பெயர்களை நம் உஸ்தாத் சில நாட்கள் வாசித்தார். பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஜமாஅத்தில் எவரும் அதைப் பற்றிப் பேசியதாக நமக்கு நினைவில்லை. வட்டியைப் பற்றி ஜும்ஆவில் பேசினோம்; வரதட்சணையைப் பற்றியும் பேசினோம். அவ்வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அதில் சென்ற பிள்ளைகளின் கூலி, பல வீடுகளில் அவர்களுடைய திருமணத்துக்கே சேர்த்து வைக்கப்பட்டது. இது நம்முடைய குறை; பிறர் மீது சுமத்த மாட்டோம்.

அரசு சட்டம் இயற்றியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசு உள்ளிட்ட தொழில்களில் அமர்த்தத் தடை விதித்தது. வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு இருந்ததால், பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் நுழைந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்படி, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளை முறையான பள்ளிக்கு ஆயத்தப்படுத்தச் சிறப்புப் பள்ளிகள் தொடங்கின. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கரிசலின் எழுத்தாளர் பூமணி, இப்பிள்ளைகளின் வாழ்வைக் 'கருவேலம்பூக்கள்' என்ற திரைப்படமாக எடுத்தார். 2010இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டமும் சத்துணவும் இயந்திரமும் பெற்றோரின் விழிப்பும் சேர்ந்து, இறைவன் அருளால், அவ்வண்டியில் பிள்ளைகள் ஏறிய காலம் பெருமளவு கடந்துவிட்டது.

அந்தத் தாய் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தவர். பகல் முழுதும் அடுக்கிவிட்டு, விளக்கடியில் தூக்கத்தோடு படித்த படிப்பு. ஒரு குரோசுக்கு 144 பெட்டி என்ற வாய்பாட்டைப் பள்ளி சொல்லித் தருமுன் கூலி சொல்லித் தந்தது. பத்து வயதில் குடும்பத்தைத் தாங்கியவர் பெரியவர்தாமா? சுமையில் பெரியவர். ஆனால் அவர் சம்பாதித்த பணம் அவர் கைக்கு வந்ததில்லை. எந்த முடிவையும் அவரிடம் எவரும் கேட்டதில்லை. சொத்தை ஒப்படைக்குமுன் சோதித்துப் பழக்கச் சொன்னது வேதம். இவருக்கோ பொறுப்பு மட்டும் ஒப்படைக்கப்பட்டது, பொருள் ஒப்படைக்கப்படவில்லை.

இன்றைய வாசல்கள்

இன்று கோவில்பட்டியில் ஒரு பெற்றோர் முன் பல வாசல்கள் உள்ளன: அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, விடுதியோடு கூடிய அரபுக் கல்லூரி, பெண்களுக்கான நிஸ்வான் மத்ரஸா. ஒவ்வொன்றும் பிள்ளையை வேறு வகையில் பெரியவராக்குகிறது. நம் மாணவர்களிடம் கண்டதைச் சொல்கிறோம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எல்லாச் சாதிப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் அமர்கிறது. தன் சான்றிதழுக்குத் தானே வட்டாட்சியர் அலுவலகம் செல்லப் பழகுகிறது. அரசும் இன்று பள்ளியின் வகையைப் பார்த்தே கைகொடுக்கிறது. 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உண்டு. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இது விரிந்துள்ளது. நம் மஹல்லாவில் பலர் இதை அறியாமல், கடன் வாங்கி இடையில் பள்ளி மாற்றி, பின்னர் வருந்துகின்றனர்.

மெட்ரிக் பள்ளிப் பிள்ளை ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுகிறது. ஆனால் காலையில் தனிப்பயிற்சி, மாலையில் தனிப்பயிற்சி. மக்தபுக்கும் நேரமில்லை, கடைக்குப் போய் அரைக் கிலோ பருப்பு வாங்கவும் நேரமில்லை. பதினெட்டு வயதில் மதிப்பெண் மிகுதி. பத்து ரூபாய்ப் பேரம் தெரிவதில்லை.

அரபுக் கல்லூரியில் சேரும் சிறுவன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுச் செல்கிறான். தன் துணியைத் தானே துவைக்கிறான். மூத்த மாணவருக்கு மரியாதை செய்யவும் இளையவரைக் கவனிக்கவும் பழகுகிறான். இருபது வயதில் நூற்றுக்கணக்கானோர் முன் மிம்பரில் நின்று பேசுகிறான். தாத்தா வயதினர் அவனைப் பின்பற்றித் தொழுகின்றனர். இத்தகைய மதிப்பை அவ்வயதில் வேறு எந்தப் பள்ளியும் தருவதில்லை. எனினும், 8ஆம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுச் சென்றவனுக்கு 10ஆம் வகுப்புச் சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு வாசலும் மூடியே இருக்கிறது. மற்றவரின் வாரிசுச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுப்பவன் தன் கணக்கைத் தொடங்கத் தயங்குகிறான். பட்டப் படிப்பையும் சேர்த்துத் தரும் அரபுக் கல்லூரிகள் தமிழகத்தில் இன்று உள்ளன. பெற்றோர் விசாரித்துச் சேர்க்க வேண்டும்.

மற்றொரு உண்மையும் உண்டு. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் சுமார் 3 விழுக்காட்டினரே முழுநேர மத்ரஸாக்களில் பயில்வதாகக் கூறிற்று. ஏனைய பிள்ளைகளுக்கு நம்மிடம் இருப்பது மக்தபின் ஒரு மணி நேரம் மட்டுமே. அந்த ஒரு மணி நேரத்தில் ஓதத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். பக்குவம் வருகிறதா என்று பார்க்கிறோமா?

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது

"மூவரும் பாதிப் பெரியவர்கள், அம்மா" என்றோம். "உங்களுக்குச் சுமை தெரியும்; மகனுக்கு மார்க்கம் தெரியும்; மகளுக்கு அலுவலகம் தெரியும். ஒருவருக்குத் தெரிந்ததை மற்ற இருவரும் கற்றுக்கொண்டால் உங்கள் வீடே ஒரு நல்ல மத்ரஸா."

அந்த மகன் இப்போது திறந்தநிலைப் பள்ளி வழியாக 10ஆம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறார். தங்கைதான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தங்கைக்கும் அம்மாவுக்கும் அண்ணன் ஃபிக்ஹு பாடம் நடத்துகிறார். தம் பெயரில் முதன்முறையாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கிய அத்தாய், படிவத்தில் தாமே கையெழுத்திட்டார்.

நம் மக்தபிலும் மூன்று மாற்றங்களைச் செய்துள்ளோம். பள்ளித் தேர்வுக் காலத்தில் ஓதும் நேரத்தைக் குறைக்கிறோம். எந்தப் பிள்ளையும் தீனுக்காகப் பள்ளியையோ, பள்ளிக்காகத் தீனையோ விட வேண்டியதில்லை. பதினான்கு வயதைக் கடந்த ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் முறைவைத்து மத்ரஸாவின் வரவு செலவை எழுதுகின்றனர். பிழை வந்தால் அவர்களே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். மூன்றாவதாக, வராத பிள்ளையின் பெயரை நாள்தோறும் வாசிக்கிறோம். மூன்று நாட்கள் வரவில்லையெனில் வீட்டுக்குச் செல்கிறோம்.

மகனை ஹிஃப்ழில் சேர்க்க வேண்டும், பள்ளியை நிறுத்தலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்லும் விடை: 10ஆம் வகுப்பை முடிக்க வழி இருக்கும் இடத்தில் சேருங்கள். மகளின் படிப்பை நிறுத்தலாமா என்று கேட்போருக்கு, அந்தப் பழைய காலி வரிசையை நினைவூட்டுகிறோம்.

உமறுப்புலவருக்கு இரண்டு கல்விகளும் தேவைப்பட்டன. இரண்டையும் தேடிச் சென்றார். இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்துப்படி, பக்குவம் தெரியாவிடினும் 25 வயதில் ஒருவருக்கு அவர் பொருளை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குமேல் காப்பாளர் பிடித்து வைக்கக் கூடாது. அதுவரை உள்ள ஆண்டுகள் நம் கையில் உள்ள அமானிதம். வண்டியில் ஏறிச் சென்ற பிள்ளைகளைப் பற்றி மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் என்று அஞ்சுகிறோம். இனி நம் பாயில் வந்து அமரும் பிள்ளைகளைப் பற்றியேனும் நல்ல விடை சொல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.